மழை என்று எழுதினால் போதுமா?
காலநிலைத் தரவுகளுக்குப் பொதுப்பெயர் தேடும் முயற்சிகள்

ஓரிடத்தில் ஒரு நாளில் 10 மில்லிமீட்டர் மழை பெய்ததாக வைத்துக்கொள்வோம். மழைமானியைப் பார்த்து எழுதும் பதிவேட்டில் அது 10.0 என்று ஏறும். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் இ.ஆர்.ஏ.5 தொகுப்பில் இதே அளவு மழை மணிக்கு மணி சேர்ந்த நீரின் ஆழமாக, மீட்டர் கணக்கில் இருக்கும். 24 மணி நேரத்தையும் கூட்டினால் 0.01 வரும். காலநிலை மாதிரிகளின் உலகளாவிய ஒப்பீட்டுத் திட்டத்துக்குப் போகும் கோப்பிலோ, ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை கிலோகிராம் நீர் விழுந்தது என்று கணக்கிட்டு, நாள் சராசரியாக 0.000116 என்று எழுதியிருப்பார்கள். மூன்று எண்களும் சரியானவை. மூன்றுக்கும் தலைப்பில் ‘மழை’ என்றே எழுதலாம்.

அலகை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் முதலாவது ஒரு நாளில் சேர்ந்த ஆழம், மூன்றாவது ஒரு வேகம். இரண்டாவதும் மூன்றாவதும் பனிப்பொழிவையும் உருக்கி நீராகச் சேர்த்துக்கொண்டவை. ‘நாள்’ என்பதும் ஒன்றாக இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவில் ஒரு தேதிக்கு நேராக இருப்பது, அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தின் மழை. அதில் பெரும்பகுதி முந்தின நாளில் பெய்திருக்கும். உலகளாவிய தொகுப்புகளின் நாள் கிரீனிச் நள்ளிரவில், நம் நேரப்படி காலை 5.30க்குத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவத்தில் சென்னைக் கரையோரத்தில் விடியலை ஒட்டிக் கொட்டும் மழை, இந்த இரு கணக்குகளில் வெவ்வேறு தேதிகளில் போய் உட்கார்ந்துவிடக்கூடும்.

ஆகவே கேள்வி அலகைவிட ஆழமானது. இரண்டு அளவுகளை ‘ஒரே பொருள்’ என்று எப்போது சொல்லலாம்? அதைச் சொல்லும் பொறுப்பில் எவ்வளவைப் பெயரின் தலையில் ஏற்றலாம்? இந்தக் கேள்விக்கு இரண்டு நூற்றாண்டுகளாக வெவ்வேறு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றை எடைபோட ஓர் எளிய சோதனை உதவும். ஒரே பெயர் தாங்கிய இரு கோப்புகளை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கலாம். மீதமாக நிற்கும் எண் வளிமண்டலத்தைப் பற்றியோ, அதைக் கணித்த மாதிரியைப் பற்றியோ ஏதாவது சொன்னால் பெயர் தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு அலுவலகங்களின் வழக்கத்தில் உள்ள வேறுபாட்டை மட்டும் சொன்னால், செய்யவில்லை.

மேகமும் வாளியும்

வளிமண்டலத்தில் பெயரிடும் போட்டி மேகங்களில்தான் முதலில் தெளிவாகத் தெரிகிறது. 1802இல் பிரான்சில் லமார்க், மேகங்களை வகைப்படுத்திப் பிரெஞ்சுப் பெயர்கள் சூட்டினார். அதே ஆண்டின் இறுதியில் லண்டனில் லூக் ஹோவர்டு லத்தீன் பெயர்களோடு தம் வகைப்பாட்டை முன்வைத்தார். சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ் என்று இன்றும் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிப்பவை ஹோவர்டின் பெயர்கள். எந்த நாட்டின் பேச்சுமொழியாகவும் இல்லாத லத்தீன் அவர் கையில் இருந்ததும், பெயர்களை ஒன்றோடொன்று இணைத்துப் புதுப்பெயர் ஆக்க முடிந்ததும் அவருடைய வெற்றிக்குக் காரணங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது காரணத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். தேவைப்படும்போது வளரக்கூடிய இலக்கணம் உள்ள பெயர்முறை, அழகான பட்டியலைவிட நீண்ட நாள் வாழ்கிறது. 1896இல் பன்னாட்டு மேக வரைபடநூல் வெளிவந்தபோது ஹோவர்டின் வேர்ச்சொற்களே அதன் அடித்தளமாயின.

கடலில் நடந்தது வேறு கதை. 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கப்பல்களில் வானிலைக் குறிப்பு எழுத ஒரு பொதுப் படிவத்துக்கு உடன்பட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் மாத்யூ மோரி அதன் பின்னணியில் இருந்தவர். 1873இல் வியன்னாவில் கூடிய மாநாடு அந்த ஒத்துழைப்புக்கு நிலையான அமைப்பைத் தந்தது. இன்றைய உலக வானிலை அமைப்பு அதன் வாரிசு. படிவத்தில் ‘கடல்நீர் வெப்பநிலை’ என்று ஒரு கட்டம் இருந்தால் உலகக் கப்பல்கள் எல்லாம் ஒரே பொருளை எழுதிவிடும் என்ற நம்பிக்கை இயல்பானது. ஆனால் ஒருவர் கித்தான் வாளியில் நீரை மொண்டு, வெப்பமானியை அமிழ்த்தினார். மேலே இழுக்கும்போதே காற்றில் நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். இன்னொருவர் எந்திர அறைக்குள் வரும் குளிர்விப்பு நீரின் வெப்பத்தைக் குறித்தார். அது சற்றுக் கூடுதலாக இருக்கும். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945இல் உலகச் சராசரி வெப்பநிலைக் கோட்டில் ஏறத்தாழ 0.3 டிகிரி திடீரெனச் சரிந்ததாகத் தெரிந்தது. போர்க்காலத்தில் பெரும்பாலும் எந்திர அறை அளவீட்டைச் செய்த அமெரிக்கக் கப்பல்களின் பங்கும், அதன்பின் வாளி பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கும் மாறியதே அதற்குக் காரணம் என்று 2008இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. பெயர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒன்றாகவே இருந்தது. கழித்துப் பார்த்தவர்களுக்கோ வாளிதான் மிஞ்சியது. பெயரால் எட்ட முடியாத ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

எண்ணே போதும் என்றவர்கள்

தந்தியில் வானிலை பறக்கத் தொடங்கியதும் சொற்கள் சுமையாயின. குறிப்புகள் எண் தொகுதிகளாக மாறின. கணினிக் காலத்தில் உலக வானிலை அமைப்பு உருவாக்கிய ‘கிரிப்’ என்ற இரும வடிவம் இந்த மரபின் நேர்வாரிசு. அதன் முதல் பதிப்பில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண்: 11 என்றால் வெப்பநிலை. எண்ணுக்கு மொழி கிடையாது, எழுத்துப்பிழை கிடையாது, இடமும் மிகக் குறைவு. இது சின்ன நன்மை இல்லை. ஒரு முன்கணிப்பு மையம் நாள்தோறும் அனுப்பும் கோப்புகளின் அளவை நினைத்துப் பார்த்தால் இந்த முறை இன்னும் உயிரோடிருப்பது ஏன் என்று புரியும்.

பலவீனம் அட்டவணையின் இரண்டாம் பாதியில் இருந்தது. 127 வரையிலான எண்கள் உலகப் பொது; 128 முதல் 254 வரை அந்தந்த மையத்தின் சொந்த உபயோகத்துக்கு. ஐரோப்பிய மையத்தின் சொந்த அட்டவணையில் 130 என்றால் வெப்பநிலை. அமெரிக்கத் தேசிய முன்கணிப்பு மையத்தின் அட்டவணையில் 130 என்பது கடல்மட்ட அழுத்தத்தின் ஒரு வகை. எந்த மையம், எந்த அட்டவணை என்று கோப்பின் தலைப்பகுதியில் குறிப்பு உண்டுதான். ஆனால் அட்டவணை கைவசம் இல்லாத மென்பொருளுக்கு அந்தக் குறிப்பால் பயன் இல்லை. இந்தக் குழப்பத்தில் ஓர் ஆறுதலும் உண்டு. 288 கெல்வினையும் 1,01,300 பாஸ்கலையும் யாரும் தவறுதலாக ஒன்றிலிருந்து ஒன்று கழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை. பெரிய பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். பெயர்முறையின் தரத்தைச் சோதிப்பவை சிறிய பிழைகளே. இரண்டாம் பதிப்பில் துறை, வகை, எண் என்று மூன்றடுக்காகப் பிரித்து இந்தச் சிக்கலைப் பெரிதும் குறைத்தார்கள். ஆனாலும் 192 முதல் 254 வரை ‘உள்ளூர்’ இடம் ஒதுக்கியே வைத்திருக்கிறார்கள். பொதுப் பட்டியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குள் வராத ஒன்று நாளை காலை தேவைப்படும் என்ற அனுபவ அறிவு அது.

சுருக்கப் பெயர்கள்

ஆய்வாளர்களின் மேசையில் வளர்ந்த வழக்கம் வேறு. ஃபோர்ட்ரான் 77 மொழியில் ஒரு மாறியின் பெயர் ஆறு எழுத்தைத் தாண்டக் கூடாது. அந்த நெருக்கடியில் பிறந்த ‘டி’, ‘யூ’, ‘வி’, ‘இசட்’ போன்ற சுருக்கங்கள் கட்டுப்பாடு போன பிறகும் விரல்களில் தங்கிவிட்டன. ‘இசட்’ என்ற ஓரெழுத்தை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தில் அது ஜியோபொட்டென்ஷியல். 500 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில் ஏறத்தாழ 54,000 என்று இருக்கும். மற்றோர் இடத்தில் அதே எழுத்து அந்த எண்ணை 9.80665 ஆல் வகுத்து வரும் உயரம். ஏறத்தாழ 5,500 மீட்டர். பழகியவர் பார்த்ததும் கண்டுகொள்வார். பழகாதவர் கண்டுகொள்ளமாட்டார், பழகாத மென்பொருளும் கண்டுகொள்ளாது.

உலகக் காலநிலை ஆய்வுத் திட்டத்தின் கீழ் 1995இல் தொடங்கிய மாதிரி ஒப்பீட்டுத் திட்டம், சுருக்கப் பெயர்களுக்கே ஒழுங்கு கொண்டுவந்தது. தரைக்கருகில் காற்றின் வெப்பநிலைக்கு ‘டி.ஏ.எஸ்.’, பொழிவுக்கு ‘பி.ஆர்.’, கடற்பரப்பு வெப்பநிலைக்கு ‘டி.ஓ.எஸ்.’ என்று பட்டியல் போட்டு, அலகையும் திசையையும் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள், மாதிரியின் சொந்த வெளியீட்டை இந்த அச்சில் வார்த்துக் கொடுக்கும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் மதிப்பீட்டறிக்கைகளில் பல நாடுகளின் மாதிரிகளை ஒரே படத்தில் வரைய முடிவது இந்த ஒழுங்கினால்தான். ஒப்பீட்டுத் திட்டத்தின் ஆறாம் கட்டத்தில் புணேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மாதிரி முதல் இந்திய மாதிரியாகச் சேர்ந்தபோது, அதன் வெளியீடும் இதே பெயர்களுக்குள்தான் வர வேண்டியிருந்தது.

ஆனால் சுருக்கப்பெயர் ஒரு முகவரி மட்டுமே. பொருள் வேறோர் அட்டவணையில் இருக்கிறது. அட்டவணை மாறினால் பெயர் அப்படியே நிற்க, பொருள் நகர்ந்துவிடும். ஐந்தாம் கட்டத்தில் கெல்வினில் இருந்த கடற்பரப்பு வெப்பநிலை ஆறாம் கட்டத்தில் செல்சியஸுக்கு மாறியது. சுருக்கம் அதே ‘டி.ஓ.எஸ்.’தான். இது பாதிப்பில்லாத மாற்றம், ஏனென்றால் அலகு கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அப்படி எழுதப்படாத ஒன்று மாறும்போதுதான் ஆபத்து. இந்த ஒழுங்கு மாதிரி ஒப்பீட்டுக்காக வகுத்த ஒழுங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிதவையோ செயற்கைக்கோளோ அளப்பதற்கு அந்தப் பட்டியலில் பல நேரங்களில் கட்டமே இருக்காது.

பெயரே வரையறையாக

நான்காவது விடை, பெயரைப் படித்தாலே பொருள் தெரிய வேண்டும் என்பது. அமெரிக்காவின் போல்டரில் யூனிடேட்டா நிலையம் உருவாக்கிய ‘நெட்சிடிஎஃப்’ கோப்பு வடிவம் ஒவ்வொரு மாறியோடும் விளக்கக் குறிப்புகளை ஒட்டிவைக்க இடம் தந்தது. அந்தக் குறிப்புகளை எப்படி எழுதுவது என்று 1995இல் ‘கோர்ட்ஸ்’ என்ற மரபு தொடங்கி, 2003இல் ‘காலநிலை-முன்கணிப்பு மரபுகள்’ முதல் பதிப்பில் வந்து நின்றது, சுருக்கமாக சி.எஃப். இதன் நியமப் பெயர் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரையறையும் ஓர் அடிப்படை அலகும் உண்டு. இன்று அதில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அட்டவணைக்குள் ஓர் இலக்கணம் ஓடுகிறது: எந்தப் பரப்பில், எந்தக் கூறு, எந்த அளவு, எந்த ஊடகத்தில், எந்த நிகழ்வினால், எந்த அனுமானத்தின் பேரில் என்று வரிசையாகச் சொற்கள் சேரும். ஹோவர்டின் லத்தீனைப் போலவே, வேரும் ஒட்டும்.

இந்த முறையின் உண்மையான சாதனை, வழக்கத்தில் ஒளிந்திருந்த வேறுபாடுகளை வெளியே இழுத்ததுதான். வெப்பப் பாயத்தை எடுத்துக்கொள்வோம். கடலிலிருந்து காற்றுக்குப் போகும் மறைவெப்பத்தைச் சிலர் மேல்நோக்கி நேர்க்குறியாக எழுதுவார்கள். ஐரோப்பிய மையத்தின் வழக்கத்தில் கீழ்நோக்கியதே நேர்க்குறி. இரண்டு கோப்பிலும் எண் 100, குறி மட்டும் எதிர். கழித்தால் மீதி 200. சி.எஃப். பெயரில் ‘மேல்நோக்கிய’, ‘கீழ்நோக்கிய’ என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தவறாக எழுதலாம், எழுதாமல் தப்பிக்க முடியாது. காற்றும் இப்படித்தான். வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. புறப்பட்ட திசையால் காற்றுக்குப் பெயரிடுவது நம் வழக்கு, வானிலையாளர் வழக்கும் அதுவே. மாதிரிக்குள் காற்று ஒரு திசையன். அங்கே போகும் திசைதான் கணக்கு. நாம் மேல்காற்று என்பது அங்கே ‘கிழக்கு நோக்கிய காற்று’. அட்டவணை இரண்டு வழக்கையும் மதித்து, எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு பெயர், எங்கே போகிறது என்பதற்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்திருக்கிறது.

கடற்பரப்பு வெப்பநிலை இன்னும் சுவையானது. அகச்சிவப்பு உணரி பார்ப்பது நீரின் மேல்தோலை, மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு ஆழத்தை. அது அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் டிகிரியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு குளிர்ந்திருக்கும். நுண்ணலை உணரி சற்றுக் கீழே பார்க்கிறது. பகல் வெயிலின் ஏற்ற இறக்கம் எட்டாத ஆழத்தின் வெப்பநிலை மற்றொன்று. தோல், தோலடி, அடித்தளம் என்று மூன்றுக்கும் இப்போது தனிப்பெயர்கள் உண்டு. பழைய பொதுப்பெயரும் இருக்கிறது, ஆழம் தெரியாத பழைய பதிவுகளுக்கு அது தேவைப்படுவதால். அறியாமைக்கும் அட்டவணையில் ஓரிடம் வைத்திருப்பது நேர்மையான ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

பெயர் தவறென்று தெரிந்தால் என்ன செய்வது என்பதற்கும் இங்கே வழி இருக்கிறது. தாவரங்கள் வெளியிடும் நீராவியும் கணக்கில் சேர்ந்திருந்த ஒரு பாயத்துக்கு ‘நீர் ஆவியாதல்’ என்று முதலில் பெயர் இருந்தது. பின்னர் தாவரப் பங்கும் பெயரில் ஏறியது. ‘பெரும்பரப்பு’ மழை என்று மாதிரிக்காரர்களின் குழூஉக்குறியாக இருந்தது ‘படலமேக’ மழை என்று மாறியது. பழைய பெயர்களை அழிப்பதில்லை. மாற்றுப்பெயராக அட்டவணையில் தங்கும். பழைய கோப்புகள் அனாதையாவதில்லை.

எவ்வளவைப் பெயரில் ஏற்றுவது என்பதில் சி.எஃப். ஒரு கோடு கிழித்திருக்கிறது. நாளின் உச்ச வெப்பநிலைக்குத் தனிப்பெயர் கிடையாது. ‘காற்றின் வெப்பநிலை’ என்ற பெயரோடு, காலத்தில் உச்சம் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு தனியே நிற்கும். தரையிலிருந்து 2 மீட்டர் என்பதும் பெயரில் வராது; உயரம் தனி ஆயமாக எழுதப்படும். மழை நாட்களின் எண்ணிக்கைக்குப் பெயர் உண்டு, வரம்பு எவ்வளவு என்பது பெயருக்கு வெளியே. இந்தியத் துறைக்கு 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் மழை நாள். பன்னாட்டுக் காலநிலைச் சுட்டெண்களில் 1 மில்லிமீட்டர் போதும். வரம்பைப் பெயரில் திணித்திருந்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கும். கோடு சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பொருளின் வகை, ஊடகம், பரப்பு, திசை ஆகியவற்றில் தவறினால் கழித்தல் பொருளற்றுப்போகும். அவை பெயரில் இருக்க வேண்டும். காலம், உயரம், வரம்பு ஆகியவை அளவால் மாறுபவை. அவற்றை எண்ணாகவே எழுதலாம். ஆனால் இந்தக் கோட்டுக்கு விலையும் உண்டு. பெயரை மட்டும் படித்துவிட்டு ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்காதவருக்கு, தொடக்கத்தில் சொன்ன காலை 8.30 மணிச் சிக்கல் அப்படியே காத்திருக்கும்.

பிரித்து அடுக்குவோர்

வளிமண்டல வேதியியல் அட்டவணைக்குள் வந்ததும் இந்தக் கோட்டின் மீது பாரம் ஏறியது. ஒரு வாயுவுக்கு நிறைச் செறிவு, மோல் பின்னம், உமிழ்வு, படிவு என்று பல பெயர்கள். வாயுக்களோ டஜன் கணக்கில். தூசிப்படலத்துக்கு ஈரத்தோடா, உலர்ந்த நிலையிலா என்ற கேள்வி. கரிமச் சேர்மங்களின் தொகுதிக்கு ‘கார்பனாகக் கணக்கிட்டு’ என்ற ஒட்டு. பெயர்கள் பெருக்கல் வாய்ப்பாடு போலப் பெருகின. பெயரை முழுச் சொற்றொடராக வைப்பதை விட்டு, பொருள், பண்பு, ஊடகம், முறை என்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நிலையான இணைய முகவரி கொடுத்து, தேவைப்படும்போது கோத்துக்கொள்ளலாமே என்ற வாதம் இங்கே பிறக்கிறது. பிரிட்டிஷ் கடலியல் தரவு மையத்தின் அகராதி பல பத்தாயிரம் குறியீடுகளை இவ்வாறு துண்டுகளால் கட்டுகிறது. அமெரிக்காவின் நிலப்பரப்பு மாதிரிக் குழுமம் பொருளை முன்னும் அளவைப் பின்னும் வைக்கும் தனி இலக்கணம் வகுத்தது. ஆராய்ச்சித் தரவுக் கூட்டணியின் ஒரு குழு, அகராதிகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் ஒப்பிட ‘ஐ-அடாப்ட்’ என்ற அமைப்பை முன்வைத்திருக்கிறது. மாதிரி ஒப்பீட்டின் ஏழாம் கட்டமும் இந்தப் பக்கம் சாய்கிறது: சுருக்கப்பெயரோடு காலம், செங்குத்து மட்டம், கிடைப்பரப்பு, நிலப்பகுதி என நான்கு முத்திரைகள் சேர்ந்ததுதான் இனி மாறியின் பெயர்.

தர்க்கப்படி இது எல்லாவற்றிலும் சுத்தமான விடை. ஆயினும் இதன் பலவீனம் அந்தச் சுத்தத்திலேயே இருக்கிறது. துண்டுகளை விதிப்படி கோத்தால் இலக்கணம் பிழையில்லாத, பொருள் இல்லாத பெயர்களும் பிறக்கும்; வானத்தில் எங்கும் இல்லாத அளவுகளுக்கும் முகவரி கிடைத்துவிடும். முழுப்பெயரை ஒவ்வொன்றாக விவாதித்துச் சேர்க்கும் பழைய முறையில் அந்த விவாதமே சல்லடை. இன்னொன்று, மனிதர் படிக்க முடிவது. நான்கு முத்திரை கொண்ட பெயரை மென்பொருள் ரசிக்கும்; ஆய்வு மாணவர் நகலெடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுவார்.

மறுப்புகள்

பொதுப்பெயர் முயற்சியையே வீண் என்று சொல்பவர்களின் வாதங்களில் மூன்றைக் கவனிக்கலாம். முதலாவது, ஒவ்வொருவரும் தம் பெயரை வைத்துக்கொள்ளட்டும், மொழிபெயர்ப்பு அட்டவணை போதும் என்பது. பத்து வழக்குகள் இருந்தால் இணைகளுக்கு 45 அட்டவணைகள் வேண்டும். நடுவில் ஒரு பொது அகராதி இருந்தால் பத்து போதும். கணக்கு அந்த அளவில் முடிந்துவிடுகிறது. அட்டவணையை இனி எந்திரமே ஊகித்துக்கொள்ளும் என்பது இந்த வாதத்தின் புதிய வடிவம். எண்களின் பரவலையும் சுருக்கப்பெயரையும் பார்த்து, இது வெப்பநிலை, இது அழுத்தம் என்று மென்பொருள் நன்றாகவே ஊகிக்கக்கூடும். ஆனால் கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான கரியமில வாயுப் பாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பமண்டலக் கடலின் பல பகுதிகள் அதை வெளிவிடுகின்றன, உயர் அட்சரேகைகளில் பெரும்பாலும் உள்வாங்குகின்றன, பருவத்தோடும் அது மாறும். ஒரு சிறு பகுதியின் எண்களை மட்டும் பார்த்து, நேர்க்குறி மேலா கீழா என்று ஊகிக்க நம்பத்தக்க வழி இல்லை. எழுதியவர் சொன்னால்தான் உண்டு.

இரண்டாவது, தாமதம். ஒரு பெயரை முன்மொழிந்து, விவாதித்து, ஏற்க மாதங்கள் ஆகலாம். விமானத்தில் கருவியோடு பறக்கும் குழு அதுவரை காத்திருக்க முடியாது. இந்தக் குறை உண்மையானது. சி.எஃப். மரபில் நியமப் பெயர் கட்டாயம் இல்லை, இயல்மொழி விளக்கம் எழுதி அனுப்பலாம் என்பது பாதி விடைதான். நடைமுறையில் அவசரக்காரர் செய்வது வேறு: அட்டவணையில் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரை எடுத்து ஒட்டிவிடுவார். பெயரில்லாத தரவைவிட அது மோசம். மாதிரிகளின் உள்ளறுப்புகளை இணைக்கும் அமெரிக்கப் பொது இயற்பியல் தொகுப்பு ஒன்று சி.எஃப். இலக்கணத்தில் தொடங்கி, பின் தன் தேவைக்குத் தனி அகராதி வைத்துக்கொண்டது. அங்கே இரண்டு நிரல்கள் பெயரால்தான் கைகோக்கின்றன. பெயர் இல்லையென்றால் நிரல் ஓடாது, காத்திருக்கவும் முடியாது.

மூன்றாவது, மொழி. எண்ணுக்கு மொழி இல்லை, லத்தீன் எவர் வீட்டு மொழியும் இல்லை, சி.எஃப். பெயர்களோ அச்சு ஆங்கிலம். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் அட்டவணையைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு பெயரின் நயத்தை வாதிட்டு மாற்றுவது அவருக்கு எளிதல்ல. தமிழில் ‘மழை’ இயல்பான சொல். பனியும் ஆலங்கட்டியும் சேர்ந்த பொதுச்சொல்லாகப் ‘பொழிவு’ பாடநூலுக்காக நிலைபெற்றது. வெப்பமண்டலத்தில் அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. இதே காரணத்தால் நம் கடலுக்கும் மண்ணுக்கும் தேவையான வேறுபாடுகள் சில அட்டவணையில் இன்னும் இல்லாமல் இருக்கக்கூடும். பெயருக்குப் பதில் முகவரியை அடையாளமாக வைத்து, எந்த மொழியிலும் விளக்கம் சேர்க்கும் வழி இணைய அகராதிகளில் தொழில்நுட்பமாகத் திறந்திருக்கிறது. அதில் நடப்பவர் குறைவு.

திறந்திருப்பவை

பெயர் எங்கே நிற்கிறது, அளவீட்டு முறை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை; தீரும் என்று எதிர்பார்ப்பதும் சரியாக இருக்காது. ‘உலகச் சராசரி வெப்பநிலை’யே இதற்குப் பெரிய சாட்சி. கருவிப் பதிவுகளில் அது நிலத்தில் காற்றின் வெப்பநிலையும் கடலில் நீரின் வெப்பநிலையும் கலந்தது. மாதிரிகளில் பெரும்பாலும் எங்கும் காற்றின் வெப்பநிலை. பாரிஸ் ஒப்பந்தம் 1.5 டிகிரி என்று சொன்னதே தவிர, இரண்டில் எது என்று சொல்லவில்லை. பன்னாட்டு அரசுக் குழுவின் ஆறாம் அறிக்கை, நீண்டகால மாற்றத்தில் இரண்டுக்குமான வேறுபாடு எந்தப் பக்கமும் 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று மதிப்பிட்டது. 1.5 டிகிரியில் பத்து சதவீதம் 0.15 டிகிரி, மீதமுள்ள கார்பன் ஒதுக்கீட்டைக் கணக்கிடுபவருக்கு அது சின்ன எண் இல்லை.

இதுவரை தரப்பட்ட விடைகளில் வரையறையைப் பெயராக்கும் முறையே கழித்தல் சோதனையில் அதிகம் தேறுகிறது என்று சொல்லலாம். துண்டுகளாக்கும் முறை அதற்குத் துணையாக வளரும், அதை அகற்றிவிடாது என்றே தோன்றுகிறது. எண்கள் வேகம் வேண்டிய இடத்தில் தொடரும். கண்காணிப்புத் தரவும் மாதிரித் தரவும் ஒரே அட்டவணைக்குள் இன்னும் எவ்வளவு காலம் நெருக்கிக்கொண்டு இருக்கும், அட்டவணையைப் பராமரிக்கும் சிறு குழுவின் உழைப்புக்கு யார் தொடர்ந்து பணம் கொடுப்பார்கள் என்பவை அறிவியல் கேள்விகள் இல்லையென்றாலும் விடை அவற்றையும் சார்ந்தே இருக்கும்.

சி.எஃப். அட்டவணையின் பழைய பெயர்களில் ‘பரப்புக் கரியமில வாயு மோல் பாயம்’ என்று பொருள்படும் ஒன்று உண்டு. எந்தத் திசை நேர்க்குறி என்று சொல்லாததால் அது கைவிடப்பட்டு, மேல்நோக்கியதற்கு ஒன்றும் கீழ்நோக்கியதற்கு ஒன்றுமாக இரண்டு பெயர்கள் வந்தன. பழைய பெயர் தாங்கிய தரவு எது கிடைத்தாலும் அதன் குறியைக் கவனமாகச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை, புதிய பெயர்களின் விளக்கத்தில் இன்றும் இருக்கிறது.